அலுமினியக் காலுக்கு ஒரு பச்சைக் குச்சி

மச்சானின் கால் வெடித்துவிட்டது என்று சொல்ல ராத்தா வந்தபோது நான் என் வெல்டிங் கடைக்குள் சும்மா இருந்தேன். சண்டையால் ரோடு பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் கல்முனையில் கடை திறப்பது என்றால் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். ராத்தா பழைய சாரன் ஒன்றில் சுற்றிய பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தா. உள்ளே முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற அலுமினியக் கால். கணுக்காலுக்குச் சற்று மேலே, பின்பக்கத் தகட்டில், ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

"உன்ட மிஷினால இத ஒட்டேலுமா?" என்று கேட்டா.

"மச்சான் எங்க?"

"கட்டில்ல கிடக்கார். கிணத்தடிக்குப் போகக்குள்ள டக்கெண்டு சத்தம் கேட்டிரிக்கு. விழல்ல, செவரப் புடிச்சிட்டார்."

கிணற்றடிக்குப் போய்வருகிற நடையில் அப்படி ஒரு தகடு வெடிக்காது. ஆனால் அதை நான் ராத்தாவிடம் சொல்லவில்லை. மச்சானிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, மச்சான் அவவின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து எங்கள் உம்மாவின் வீட்டுக்கே வந்தவர். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். வயல் நிலம் நிறைய வைத்திருந்த போடியார் ஒருவரின் டிரக்டரை ஓட்டினார். சொறிக்கல்முனைக்கும் அப்பால் இருந்த வயல்வட்டைகளிலிருந்து நெல்மூட்டை ஏற்றி வருவது அவர் வேலை. வாய்க்கால் கட்டின்மேல், ஒரு சில்லு வெளியே தொங்கத் தொங்க, பின்னால் இழுக்கிற பெட்டி நிறைய மூட்டையோடு வருவார். பின்னால் சைக்கிளில் வருகிறவர்களுக்குத்தான் நெஞ்சு பதறும். அவர் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கமாட்டார்.

ஒருநாள் அந்த வழியில் அவருக்கு முன்னால் வெடிச்சத்தம் கேட்டது. யார் சுட்டது, யாரைச் சுட்டது என்று இன்றைக்கும் தெரியாது. மச்சான் பெட்டியோடு டிரக்டரைத் திருப்பப் பார்த்திருக்கிறார். கட்டு இடிந்து டிரக்டர் வாய்க்காலுக்குள் புரண்டது. இடது கால் அதற்கடியில் மாட்டிக்கொண்டது. ரோடு பூட்டிக் கிடந்ததால் பொழுதுபட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். அடுத்த வருடம் கொழும்பில் ஒரு தரும நிலையத்தில் அளவெடுத்து இந்த அலுமினியக் காலைச் சும்மா கொடுத்தார்கள். தகட்டைத் தட்டித் தட்டி வளைத்துச் செய்த கால். அடியில் ரப்பர்ப் பாதம். அதை மாட்டிக்கொண்டு அவர் முதன்முதலாக வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நடந்து போன நாளில் ராத்தா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தா.

நான் பொதியை எடுத்துக்கொண்டு ராத்தாவோடு போனேன். மச்சான் சுவருக்கு முகத்தைக் காட்டிப் படுத்திருந்தார். ராத்தா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"கிணத்தடிக்குப் போய் இது வெடிக்கிறல்ல மச்சான். என்ன செஞ்ச நீங்க?"

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "கிளச் மிதிச்ச" என்றார்.

போடியாரின் வளவுக்குப் போய், நிறுத்தியிருந்த டிரக்டரில் ஏறி, அலுமினியக் காலால் கிளச்சை மிதித்துப் பழகியிருக்கிறார். பல நாட்களாக. போடியார் சொல்லியிருந்தார்: வயலில் நெல்வெட்டுத் தொடங்குவதற்குள் கிளச் மிதித்து ஓட்டிக் காட்டினால் மச்சானுடைய இடம் மச்சானுக்குத்தான், இல்லாவிட்டால் வேறு ஆள்.

"உன்ட ராத்தாட்ட சொல்லாத" என்றார். "சொன்னா போக உடமாட்டா."

"சரி. காலப் பாப்பம்."

"ஒட்டேலும்தானே?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறொன்றும் சொல்ல வரவில்லை.

எனக்குத் தெரிந்த வேலை அது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் இளந்தாரிகள் கூட்டம் கூட்டமாக அரபு நாடுகளுக்குப் போனபோது நானும் போனேன். அங்கே ஒரு பால் தொழிற்சாலையில் வருடக்கணக்காகப் பால் ஓடும் குழாய்களை ஒட்டினேன். வெளிச்சம் மட்டும் வரும், பொறி பறக்காது, அப்படியொரு வெல்டிங். தொழிற்சாலைக்குப் புது மிஷின் வந்தபோது பழையதை என்னிடம் தள்ளினார்கள். அதை மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். ஊரில் அதைப் பார்த்தவர்கள், "பொறி பறக்காத வெல்டிங் புடிக்குமாடா?" என்றுதான் கேட்டார்கள். பிடித்தது. கோமாரியிலிருந்துகூட மீன்பிடிக்கிறவர்கள் தோணி மோட்டரின் உடைந்த அலுமினிய உறைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதெல்லாம் ரோடு ரோடாக இருந்த காலம்.

இந்த வெல்டிங்கில் கையில் பிடிக்கிற டோர்ச்சின் நுனியில் டங்ஸ்டன் குச்சி ஒன்று நிற்கும். அது உருகாது, அதிலிருந்து பாயும் மின்தணல் தகட்டைத்தான் உருக்கும். சுற்றிவர ஆகன் என்கிற எரியாத கேஸ் வீசிக்கொண்டிருக்க வேண்டும். கேஸ் நின்றால் காற்றுப் பட்டு எல்லாம் கருகிவிடும். குச்சியிலும் பலவகை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஒரு தலையில் பூசிய நிறம்தான் வித்தியாசம். பால் குழாய் போன்ற உருக்குச் சாமானுக்குச் சிவப்புத் தலை. அதை ஊசிபோலக் கூராக்க வேண்டும். அலுமினியத்துக்குப் பச்சைத் தலை. அதைக் கூராக்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோலை உடைக்கிற கரண்ட் வேறு. அந்தக் கரண்டில் பச்சைக் குச்சியின் நுனி தானாக உருண்டு, பளபளவென்று ஒரு மணிபோல நிற்கும். சிவப்புக் குச்சியை அதில் போட்டால் நுனி வெடித்துத் துணுக்குகள் தகட்டுக்குள் விழும். ஒட்டு வெளியே அழகாக இருந்தாலும் துணுக்கு கிடக்கிற இடத்தில் ஒருநாள் பிளக்கும்.

நான் கொண்டுவந்த குச்சிகளில் அநேகம் சிவப்பு. பச்சை கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் தோணி மோட்டர்களில் கரைந்துபோயிற்று. மிச்சத்துண்டுகளை ஒரு மாப்பால் டின்னில் போட்டு வைத்திருந்தேன். இடையில் ஊர் கலவரப்பட்டு, கடைச் சாமான்களை அள்ளி என் பெண்சாதி வீட்டுக்கு ஓடினோம். திரும்பி வந்து டின்னைத் திறந்தபோது உள்ளே மழைத்தண்ணீர் ஊறிக் கிடந்தது. துண்டுகளைக் கழுவிக் காயவைத்தேன். ஒன்றிலும் நிறம் இல்லை. பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன.

கேஸும் முடிகிற நிலை. சிலிண்டரின் முள் அடியோடு சாய்ந்து கிடந்தது. ஆகன் கேஸ் வாங்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

ராத்தா என்னிடம் வருமுன் வழியில் ஒரு தகரவேலைக்காரனிடம் காலைக் காட்டியிருந்தா என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் ஆணி அறைந்து ஒரு பட்டி போடலாம் என்றானாம், துளை போட்டால் வெடிப்பு இன்னும் ஓடும் என்றும் சொன்னானாம். நேர்மையான மனிசன். என்னிடம் போகச் சொன்னதும் அவன்தான்.

விடியற்கால வெள்ளாப்பில் கரண்ட் கொஞ்சம் பலமாக இருக்கும். அதனால் சுபஹு தொழுதுவிட்டுக் கடையைத் திறந்தேன். மச்சான் வரத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, எங்கள் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து, இல்லாத காலின் மேல் சாரனை இழுத்து விட்டுக்கொண்டார். ரப்பர்ப் பாதத்தைக் கழற்றினேன். வெடிப்பின் இருபக்கத்தையும் தேய்த்து, துடைத்து, இடுக்கியில் இறுக்கினேன். பிறகு டின்னைக் கவிழ்த்து, துண்டுகளைத் துணியில் பரப்பினேன்.

"இதில எது சரியான குச்சி?" என்றார் மச்சான்.

"கொளுத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுக்குக் கேஸ் போகாதா?"

"போகும்."

அவர் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். டிரக்டரில் எண்ணெய் அளவு பார்க்கிறவர், அந்த முள்ளின் பாஷை அவருக்கு விளங்கும்.

"அப்ப பாக்காதடா மச்சான். பிஸ்மி சொல்லி ஒண்ட எடுத்துப் போடு."

"பிழையான குச்சி விழுந்தா ஒட்டுக்குள்ள துணுக்குப் போயிரும். நீங்க கிளச் மிதிக்கிற அண்டைக்குத்தான் அது வெடிக்கும்."

"ஆராஞ்சிக்கிட்டிருந்தா கேஸ் முடிஞ்சிருமே?"

இரண்டும் உண்மைதான். எது சரியென்று தெரியாமல் குச்சி ஏற்றக் கூடாது. தெரிந்துகொள்ளும் வரை எரித்தால் ஒட்டுவதற்குக் கேஸ் இருக்காது. நான் துண்டுகளைக் கையில் உருட்டிப் பார்த்தேன். கூராக்கிய அடையாளம் இருந்தவற்றைச் சிவப்பென்று ஒதுக்கினேன். மீதியில் நுனி மழுங்கியவை சில. அவற்றிலும் கல்லில் பட்டு உடைந்த சிவப்பு இருக்கலாம். அதற்குமேல் கண்ணால் பிரிக்க முடியவில்லை.

முதல் துண்டை ஏற்றி, கழிவுத் தகட்டின் மேல் தணல் பிடித்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அணைத்துவிட்டு நுனியைப் பார்த்தேன். பாகற்காய்த் தோல்போலப் பொருக்குப் பொருக்காக இருந்தது. சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மச்சான் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். மூன்றாவது மிகக் குட்டையான துண்டு, டோர்ச்சுக்குள் பிடிபடவே கஷ்டப்பட்டது. தணல் பிடித்ததும் நுனி நெகிழ்ந்தது, உருண்டது, மணியாக நின்றது.

"இதுதான்" என்றேன்.

மச்சான் எட்டிப் பார்த்தார். "இந்தச் சுண்டு விரல் துண்டா?"

"இதுதான் பச்சை."

அவர் சிரித்தார். கால் போனதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

முகமூடியைப் போட்டுக்கொண்டு வெடிப்பின் அடியிலிருந்து தொடங்கினேன். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. இருந்தாற்போல் கண்ணாடியாகப் பளபளக்கும். அந்த நொடியில் மறுகையிலுள்ள நிரப்புக் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும், சுணங்கினால் ஓட்டை விழுந்துவிடும். தகடு மெல்லிசு, குச்சி அதற்குக் கொஞ்சம் தடிப்பு. தணல் அங்குமிங்கும் அலைந்தது. ஆனாலும் ஒட்டு ஏறியது. ஒரு சொட்டின் மேல் ஒரு சொட்டாக, மீன் செதிள் அடுக்கியதுபோல. வெடிப்பின் முக்கால்வாசி போய்விட்டது. இனி முடித்துவிடலாம் என்று நினைத்த இடத்தில் டோர்ச்சின் சத்தம் மாறியது. அந்தச் சீற்றம் இல்லை. உருகிய இடம் சட்டென்று பொங்கிக் கருகியது. கையை எடுத்தேன். குச்சியும் கறுத்துப்போயிருந்தது.

"என்ன?" என்றார் மச்சான்.

"கேஸ் முடிஞ்சி."

"மிச்சம் எவ்வளவு?"

"பெருவிரல் நகத்தளவு."

அவர் கையை நீட்டிக் காலை வாங்கினார். சூடு ஆறவில்லை. சாரனால் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருகிய இடத்தை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று கரி விழுந்தது.

"இது காணும், இவ்வளவு போதும்" என்றார்.

"காணாது மச்சான். நான் கேஸ் எடுத்து வாற வரைக்கும் மாட்டாதீங்க."

"நீ எப்ப கொழும்புக்குப் போற, எப்ப வாற? வெட்டுத் தொடங்கப் போகுது."

"கொழும்புக்கே நீங்களும் வாங்க. அங்க புதுக் காலுக்கு அளவெடுப்பம்."

"இந்த ரோட்டில என்னை எங்கெங்க எல்லாம் எறக்கி எறக்கிச் செக் பண்ணுவாங்கள்? ஒத்தக் காலோட வரிசையில நிக்கேலுமா?"

காலை அவர் கையிலிருந்து வாங்கினேன். ரப்பர்ப் பாதத்தைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். அவர் அங்கேயே மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். வெல்டிங் சூட்டில் தகடு இளகி, கால் ஒரு துளி உட்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு அது தெரிந்தது. அவரிடமும் சொன்னேன். "பரவால்ல, நடக்கேலுது" என்றுவிட்டு, சைக்கிளில் ஏறாமல் வீடுவரை நடந்தே போனார். பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆட்கள் நின்று ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார்கள்.

அந்த நகத்தளவு இடம் எனக்கு நிம்மதி தரவில்லை. ரோடு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொழும்பில் வெல்டிங் சாமான் விற்கும் கடையொன்றில் நிறம் நிறமாகக் குச்சிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பச்சைத் தலையில் மெல்லிய அளவாகப் பார்த்து, தொட்டுப் பார்த்து, ஒரு புதுப் பெட்டி வாங்கினேன். மச்சானின் தகட்டுக்கு அளந்து செய்ததுபோல இருந்தது. சிலிண்டரும் நிறைந்தது. அந்தத் தரும நிலையத்துக்கும் போய்க் கேட்டேன். ஆள் வராமல் கால் செய்ய ஏலாது என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வாசலில் எத்தனையோ பேர் கட்டைக் காலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். சிலிண்டரைக் கண்டதும் என்னைத் தனியாக நிறுத்தினார்கள்.

"இது என்ன?"

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். வெல்டிங் வேலை என்றேன். மச்சானின் கால் என்றேன். பெட்டியைத் திறந்து குச்சிகளைக் காட்டினேன். ஒருவன் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தான். இன்னொருவன் சிலிண்டரைப் பூட்ஸால் தட்டினான். குண்டு செய்கிறவர்களுக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்டான். இந்தக் கேஸ் எரியாது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நம்பவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. சிலிண்டரைப் பறித்து மண்மூட்டைகளின் பின்னால் உருட்டிவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். குச்சிப் பெட்டியைத் தந்தார்கள்.

ஊருக்கு வந்து இறங்கியபோது கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைக் கண்டு எழுந்து வந்தார்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி. உங்கட மச்சான் அங்க."

ஆஸ்பத்திரி வாட்டில் ராத்தா கட்டிலின் பக்கத்தில் நின்றா. மச்சான் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தார். ராத்தா என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து சொன்னா. நான் போன பிறகு அவர் ஒவ்வொரு நாளும் போடியாரின் வளவுக்குப் போயிருக்கிறார். சாய்ந்த கால் வெட்டுப்பட்ட முனையை உரசி உரசிப் புண்ணாக்கியிருக்கிறது. அவருக்குச் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதியும் இருந்தது. புண்ணைத் துணியால் கட்டி, அதன்மேல் காலை மாட்டி, யாருக்கும் காட்டாமல் திரிந்திருக்கிறார். கடைசியில் கிளச்சை மிதித்தபடியே அந்தக் கருகிய இடத்தில் தகடு விட்டுப்போயிற்று.

"நான் கழட்டக்குள்ள மணத்த மணம்டா தம்பி" என்றா ராத்தா. "எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல. பக்கத்திலதானே படுக்கிற நான்."

அழவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு நின்றா.

"டொக்டர் என்ன சொல்றார்?"

"மேல வெட்டோணுமாம்."

முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். அதோடு அந்த அலுமினியக் கால் எந்த வகையிலும் உதவாத சாமானாயிற்று. அது முழங்கால் உள்ளவனுக்குச் செய்தது. முழங்கால் மடங்குகிற கால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

போடியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார், தோடம்பழம் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெட்டுத் தொடங்கியதும் வேறொருவனை டிரக்டரில் ஏற்றினார். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்.

மச்சான் வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலைவிட்டு இறங்கியது குறைவு. கக்கத்தில் வைக்கிற கம்பு ஒரு சோடி கொண்டுவந்து கொடுத்தேன். சுவரில் சாத்தியே கிடந்தது. எங்கள் வீட்டு வேலி ஓரமாகத்தான் நெல் ஏற்றிய டிரக்டர்கள் போகும். ஒருநாள் அந்தியில் நான் பக்கத்தில் இருந்தேன். வெளியே கியர் மாற்றுகிற சத்தம் கர்ரென்று கேட்டது.

"அவனுக்குக் கிளச் மிதிக்கத் தெரியா" என்றார் மச்சான். "பல்லெல்லாம் போகப் போகுது."

"சொல்லிக் குடுங்களன் மச்சான். அவன் வருவான்."

"என்னத்தச் சொல்லிக் குடுக்கிற? காலால செய்யிற வேல. வாயாலயா சொல்லிக் குடுக்கேலும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா, அது ஆறிப்போனது.

கடையை அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் திறக்கவில்லை. கேஸ் கொண்டுவர முடியாத ஊரில் அந்த மிஷின் வெறும் இரும்பு. வாங்கவும் ஆளில்லை. வெளிநாட்டுக்கே திரும்பப் போவது என்று முடிவாயிற்று. போவதற்கு முதல்நாள் மச்சானிடம் சொல்லப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். கை லேசாக, தோல் மட்டும்போல இருந்தது.

"போ மச்சான்" என்றார். "கையும் காலும் உள்ள நேரத்தில போயிரு."

"வரக்குள்ள உங்களுக்கு முழங்கால் வச்ச கால் ஒண்டு விசாரிச்சிட்டு வாறன்."

அவர் என் கையை விட்டார். சொன்ன எனக்கே அந்தச் சொல்லில் நம்பிக்கை இருக்கவில்லை.

மாரி மழையில், ஊரெல்லாம் வெள்ளம் நின்ற நாட்களில், அவர் மௌத்தானார். ஜனாஸாவைத் தோணியில் வைத்துத்தான் அடக்க மையவாடிக்குக் கொண்டுபோனார்களாம். எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவன் வெளிநாட்டில் எங்கள் வேலைத்தளத்துச் சாப்பாட்டு அறையில் வைத்து எனக்கு அதைச் சொன்னான். அடக்கம் முடிந்து வாரக்கணக்காகிவிட்டது என்றும், ராத்தா, புருசன் மௌத்தான பெண்கள் வெளியே போகாமல் இருக்கிற இத்தாவில் இருக்கிறா என்றும் சொன்னான். வேலை தொடங்கும் மணி அடித்தது. கையைக் கழுவிவிட்டு இறங்கிப் போனேன்.